கிணற்றுக்குள் கிடைத்த முதலாளி

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன்.

எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் கவலை இல்லை. பேனை பிடித்தால் எனக்கு விரல் வியர்க்கும். கோயில் மலருக்கு ஒரு சாட்சி எழுதித் தா என்று பங்குச் சுவாமி மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் வருகிற கிழமை தருகிறேன் என்று சொல்லி ஒளித்துத் திரிந்தேன். நான்காம் தரம் அவர் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் குந்தி எழுதத் தொடங்கினேன். ஒருவர் என்னை இனிக் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டால் எனக்குத் தாங்காது.

முன்னமே சொல்லிவிடுகிறேன். இந்த மலரில் வருகிற சாட்சிகள் பெரியவை. வைத்தியர் கைவிட்ட நோய் மாறியிருக்கும். வள்ளம் கவிழ்ந்தவர் நீந்திக் கரை சேர்ந்திருப்பார். என்னுடையது சின்னச் சாட்சி. ஒரு மனிசன் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையெழுத்துக்காக நான் அழுத அழுகை எனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் தெரியும்.

அது தொண்ணூற்றியிரண்டாம் ஆண்டு, சண்டைக்காலம். எனக்குப் பத்தொன்பது வயது.

நான் குருநகர்ப் பெடியன். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்த்தபடி கிடந்தது. செல் குண்டு விழத் தொடங்க, வீட்டில் இருக்க முடியாமல் அம்மாவும் அப்பாவும் தங்கச்சியும் மடு மாதா கோயிலுக்குப் போய் அங்கே அகதி முகாமில் இருந்தார்கள். நான் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, சுவாமிமார் நடத்திய தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய் வேலை படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது, தாங்கி வைப்பது, கிணற்றில் பம்பி பூட்டுவது, கக்கூசு பூட்டுவது, எல்லாம் அதற்குள் அடக்கம். கடலை இனி நம்ப ஏலாது, நீ நின்று ஒரு தொழிலைப் பழகு என்று அப்பா சொன்னார். அம்மா லொறியில் ஏறி இருந்துகொண்டு என்னையே பார்த்தா. நான் கண்ணைச் சொருகி, நாக்கை நீட்டி, பேய் மாதிரி முகத்தை வைத்துக் காட்டினேன். எந்தக் கவலையிலும் அதற்குச் சிரிக்கிறவ. அன்று சிரிக்கவில்லை. லொறி போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் அந்த முகத்தோடேயே நின்றேன்.

நிலையத்தில் படுக்க ஒரு கட்டில் தந்தார்கள். ஆறு மாதம் வகுப்பு. அதன் பிறகு ஒரு வருடம் வெளியில் ஒரு முதலாளியிடம் அப்பிரண்டிஸாக நிற்க வேண்டும். முதலாளியை நாங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்தால் பெயரும் இருக்கும், கட்டிலும் இருக்கும். ஒக்டோபர் முடிவதற்குள் படிவம் வராவிட்டால் இரண்டும் அடுத்த பெடியனுக்கு. நிலையத்துக்குப் பொறுப்பான சுவாமி இதை முதல் நாளே சொல்லியிருந்தார். எங்களோடு படித்த பெடியன்களில் ஒருவனுக்குச் சித்தப்பா மேசன், ஒருவனுக்கு மச்சான் பம்பி திருத்துகிறவர். ஒவ்வொருவராக ஆளைப் பிடித்துக்கொண்டு அவர்களோடேயே தங்கப் போனார்கள். செப்டெம்பர் நடுவில் விடுதியில் நான் ஒருவன்தான் மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் அப்போது குழாய் வேலைக்கு ஆள் தேடுவதென்பது பெரிய பகிடி. கரண்ட் இல்லை, அதனால் மோட்டர் இல்லை. மோட்டர் இல்லாவிட்டால் தாங்கியில் தண்ணீர் இல்லை. சீமெந்து வரத் தடை, இரும்புக் குழாய் வரத் தடை. எல்லாரும் பழையபடி வாளியும் கயிறுமாக நின்றார்கள். நான் சைக்கிளில் கொக்குவில், சுன்னாகம், நெல்லியடி என்று போய், குழாய் வேலைக்கு அப்பிரண்டிஸ் வேண்டுமா என்று கேட்டுத் திரிந்தேன். சுன்னாகத்தில் பெரிய போர்டு போட்டிருந்த பிளம்பர் குழாய்த் துண்டுகளை வெட்டி விளக்குத் தண்டு செய்துகொண்டிருந்தார். நெல்லியடிக்காரர் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைக்கிறதுதானே தம்பி, எல்லாம் ஒரே தொழில் என்றார். இன்னொருவரைத் தேடித் தொண்டைமானாறு மட்டும் மிதித்தேன். அவர் சந்நிதி கோயிலில் விரதம் இருக்கிறார், ஒரு மாதம் வேலை இல்லை என்று சொன்னார்கள். அன்று அங்கே அன்னதானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தோனியார் அதற்குக் கோபிக்கவில்லை. பசியோடு இருப்பவனிடம் எந்தக் கோயில் சோறு என்று அவர் கேட்கிறதில்லை.

சாமான் இல்லை, வேலை இல்லை என்று சொன்னவர்களோடு எனக்கு மனவருத்தம் இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பலாம். இன்னொரு பதில் இருந்தது. அது கேள்வியாக வரும். "தம்பி எந்த இடம்?"

குருநகர் என்று சொல்வேன். குருநகர் என்றால் மீன்பிடிக்கிற சாதி என்று உடனே விளங்கிவிடும். ஆ, என்பார்கள். அதற்கு மேல் கதை ஓடாது. கிணற்றடிக்குப் போகிற தொழில் இது. தோட்டம் செய்கிற சாதிக்காரர் வீட்டுக் கிணற்றில் யார் கை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உரும்பிராயில் ஒருவர் மட்டும் சொன்னார். அவர்தான் நாகலிங்கம் அண்ணை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கைப்பம்பி பூட்டுகிற வேலை அந்தப் பக்கம் முழுக்க அவர்தான் செய்தார். மெலிந்த ஆள், கதை குறைவு. என்னை நிற்க வைத்து எங்கே படிக்கிறேன், என்ன என்ன தெரியும் என்று ஒழுங்காகக் கேட்டார். கடைசியில்தான் இடம் கேட்டார். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ஆள் வேணும்தான் தம்பி. பொய் சொல்லேல்லை. ஆனா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆரின்ரை கிணத்தடியிலை நிப்பாட்டுறது?"

"கிணத்துக்குக் கண் தெரியாது அண்ணை. நான் சத்தம் போடாமல் நிக்கிறன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு நானே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துப் பார்த்தேன். கோண்டாவில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

என்னுடைய பிழையையும் மறைக்கக்கூடாது. மானிப்பாயில் ஒருவர் இடம் வலம் ஒன்றும் கேட்காமல் நாளைக்கு வா என்று சொன்னார். போனேன். ஒரு வீட்டில் குளியலறைக்குக் குழாய் போட்டிருந்தார். குழாய் கொஞ்சம் வளைந்துதான் போனது. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்க்காமல், அண்ணை இந்தக் குழாய் கள்ளுக்குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரிப் போகுது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி பத்து மணிக்கே என்னை அனுப்பிவிட்டார். என் வாய்க்குக் கிடைத்த சம்பளம் அது.

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. பகிடி விட ஆள் வேண்டும். எனக்கு இருந்த ஆள் யூட். எங்கள் ஒழுங்கையில் பிறந்து, எனக்கு அடுத்த கட்டிலில் படுத்து, நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் சிரிக்கிற கூட்டாளி. ஓகஸ்டில் அவனுடைய மாமா கூப்பிட்டுக் கிளாலிக் கடல் வழியாகக் கொழும்புக்குப் போனான். அங்கிருந்து பிரான்சுக்கு. போகும்போது தன் தலையணையை எனக்குத் தந்துவிட்டுப் போனான். அதன் பிறகு பின்னேரங்களில் நான் ஒன்பது வெற்றுக் கட்டிலுக்கு நடுவில் இருந்தேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பட்டம் வைத்தேன். முக்கல் ராசா, ஒற்றைக்கால் ராணி என்று. கட்டில்களோடு கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்காரரும் வருகிறதில்லை. பாண் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கதவடியில் நிற்பேன், றோட்டால் யாராவது போனால் கதைக்கலாம் என்று. கதைத்தவர்கள் நின்று கதைப்பதில்லை. எல்லாருக்கும் எங்கேயோ போக இருந்தது.

அந்தக் காலத்தில்தான் அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் நவநாள் பிடித்தேன். ஒன்பது செவ்வாய். பக்தியால் என்று நினையாதீர்கள். செவ்வாய்க்கிழமை அங்கே சனம் வரும், அவ்வளவுதான். முதல் செவ்வாய் நான் செபித்த செபம் எனக்கு இப்பவும் வெட்கம். நீர் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற ஆளாம், எனக்கு ஒரு முதலாளி தொலைந்துபோனார், நான் பிறக்க முன்னமே தொலைந்துவிட்டார், எடுத்துத் தாரும் என்று கேட்டேன். பக்கத்தில் முழந்தாளில் நின்ற மனிசி திரும்பிப் பார்த்தா. இரண்டாம் செவ்வாய், மூன்றாம் செவ்வாய் எல்லாம் இதே மாதிரிதான். மெழுகுதிரி வாங்கக் கிடைக்காது. போத்தல் மூடியில் தேங்காய் எண்ணெய் விட்டுத் திரி போட்டு வைத்தேன். மானிப்பாய் வேலை போன செவ்வாய் மட்டும், என் வாயைக் கொஞ்சம் கட்டும் என்று உண்மையாகக் கேட்டேன்.

ஒன்பதாம் செவ்வாய் ஒக்டோபர் கடைசிக் கிழமையில் வந்தது. சனிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அன்று காலையில் பொறுப்புச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிசன், குரலை உயர்த்தத் தெரியாதவர். மகன், நான் எழுதி வைத்த ஒழுங்கை நானே முறிக்க ஏலாது, உன்னுடைய சாமான்களை ஒரு பக்கம் எடுத்து வை என்றார். மடுவுக்குப் போக வழி பார்ப்போம் என்றும் சொன்னார். மடுவில் ஒரு கூடாரத்துக்குள் மூன்று பேர். நான் போனால் நாலாவது வாய், தொழிலும் இல்லாத வாய்.

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். அன்று மத்தியானம் குண்டு போடுகிற பொம்மர் சுற்றினபடியால் சனம் வரவில்லை. நான் ஒருவன்தான். வழக்கம்போல ஒரு பகிடியோடு தொடங்கினேன். ஒன்பது செவ்வாய் வந்துவிட்டேன் அந்தோனியாரே, நீரும் எந்த இடம் என்று கேட்கப் போகிறீரோ என்றேன். சொல்லி முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கோயில் அவ்வளவு பெரிது என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் குரல் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வேறு ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டு ஒருவர் ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

படிவத்தைக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டி, வேலையைத் தாரும் என்று கேட்கத்தான் போனேன். என் வாயில் வந்தது வேறு.

"ஆரையாவது அனுப்பும். எனக்கு ஒருத்தரும் இல்லை."

அவ்வளவுதான் செபம். அதற்கு மேல் வசனம் வரவில்லை. அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணெய் முடிந்து திரி கருகின மணம் வந்தபோது எழும்பினேன்.

அடுத்த நாள் புதன்கிழமை. என் சாமான்களை உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். கேற்றடியில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். போய்ப் பார்த்தால் நாகலிங்கம் அண்ணை. கரியரில் பைப் றென்ச், கயிறு. வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். என் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. இடம் மறக்கவில்லை.

"நீ குருநகர்ப் பெடியன்தானே? சுழியோடுவியோ?"

எங்கள் கரையில் பிறந்தவனிடம், தண்ணீருக்கடியில் போவாயோ என்று ஒரு கேள்வி. ஓம் என்று மட்டும் சொன்னேன். ஏறு என்றார்.

வழியில் விஷயத்தைச் சொன்னார். உரும்பிராயில் ஒரு ரீச்சர் அம்மா இருக்கிறா. கணவர் செத்துப்போனார், பிள்ளைகள் வெளிநாடு. அவவுடைய வளவுக்குள் இடம்பெயர்ந்து வந்த ஐந்து குடும்பம் கொட்டில் போட்டு இருந்தது. எல்லாரும் கரையோரச் சனம். இடம் கொடுத்தா. ஆனால் கிணறு வேறு கதை. அதற்காக அவ ஒரு வழி கண்டுபிடித்திருந்தா. கிணற்றிலிருந்து குழாய் போட்டு, மதிலோரம் தள்ளி ஒரு கைப்பம்பி பூட்டுவித்தா. அந்தச் சனம் கிணற்றடிக்கு வராமல் அங்கே நின்று அடித்துக்கொள்ளலாம். பூட்டினவர் நாகலிங்கம் அண்ணைதான். அந்தப் பம்பி நாலு நாளாகக் காற்றைத்தான் அடித்தது. குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள், ஒரு வால்வு இருக்கும். மேலே ஏறின தண்ணீரைத் திரும்ப விழாமல் பிடிப்பது அது. அதற்குள் இருக்கிற தோல் துண்டு உக்கிப்போய்விட்டது.

மற்றக் காலமென்றால் குழாயைக் கழற்றி மேலே எடுப்பார்கள். இந்தக் குழாயைக் கிணற்றுச் சுவரோடு சீமெந்து வைத்து இறுக்கியிருந்தார். உடைத்தால் திரும்ப வைக்கச் சீமெந்து இல்லை, வெட்டினால் வேறு குழாய் இல்லை. இயந்திரம் வைத்துக் கிணற்றை இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. ஒரே வழி, ஒருவர் தண்ணீருக்குள் போய் வால்வைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். தோட்டக்காரருக்கு நீந்தவே தெரியாது, சுழியோடுவது எங்கே?

"முந்தாநாள் முழுக்க யோசிச்சன். உன்னைத் தவிர ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரேல்லை" என்றார், மிதித்துக்கொண்டே.

நான் றென்சையும் கயிற்றையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கரியரில் இருந்தேன். அது அவருக்கு வெறும் கதை. எனக்கு அப்படி இல்லை. யாரோ ஒருவர் நாள் முழுக்க யோசித்து அதில் நான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறேன்.

வளவில் பொம்பிளைகளும் பிள்ளைகளும் பிளாஸ்ரிக் கான்களோடும் குடங்களோடும் வரிசையாக நின்றார்கள். ரீச்சர் அம்மா தானே வாளியால் அள்ளி அள்ளி அவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தா. வெள்ளைச் சேலை, அறுபது வயது தாண்டியிருக்கும். நாலு நாளாக ஐந்து குடும்பத்துக்கும் அவதான் அள்ளி ஊற்றியிருக்கிறா. உள்ளங்கை கயிற்றில் உரஞ்சிச் சிவந்துபோயிருந்தது. வாளியை அவர்களிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை, தண்ணீர் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

என்னைப் பார்த்தா. அந்தக் கேள்வி வந்தது. தம்பி எந்த இடம்?

நாகலிங்கம் அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"குருநகர், அம்மா. கடலிலை ஊறின ஆள். உப்புப் போட்டு வைச்ச மாதிரி, பழுதாகாது."

வரிசையில் நின்ற ஒரு பொம்பிளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. ரீச்சர் அம்மா சிரிக்கவில்லை. கிணற்றைப் பார்த்தா, வரிசையைப் பார்த்தா, தன் கையைப் பார்த்தா. நான் உள்ளுக்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். போன தரம் போல இந்தத் தரமும் என்று நினைத்தேன்.

"நாகலிங்கம், அவரை முதல் தோயச் சொல்லும். பிறகு இறங்கட்டும்."

தோய்வதென்றால் தண்ணீர் அள்ள வேண்டும். வாளியை நான் தொடக்கூடாது. நாகலிங்கம் அண்ணை கயிற்றைப் பிடிக்கப் போனார். அவ விடவில்லை. தானே அள்ளினா. கிணற்றடிக் கல்லில் என்னைக் குந்தச் சொன்னா. முழு வாளியையும் என் தலையில் ஊற்றினா. இன்னொன்று. இன்னொன்று. மூன்றாவது வாளியில், எனக்கு இரண்டாம் தரம் ஞானஸ்நானம், சுவாமி அறிந்தால் ஏசுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் அம்மா லொறியில் ஏறின பிறகு ஒருவரும் என் தலையில் தண்ணீர் வார்த்ததில்லை. குனிந்தபடியே இருந்தேன். ஈர முகத்தில் எது தண்ணீர், எது மற்றது என்று ஒருவருக்கும் தெரியாது. அது நல்லதாகப் போய்விட்டது.

இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியை நாகலிங்கம் அண்ணை பிடிக்க, இறங்கினேன். எங்கள் பக்கம் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிற பெடியன்களுக்கு இரண்டாள் ஆழம் ஒரு ஆழமே இல்லை. ஆனால் கிணறு கடல் இல்லை. குளிர். இருட்டு. நல்ல தண்ணீர் ஆளைத் தூக்காது, கீழே இழுக்கும். சுற்றிவர கல். கையால் தடவித்தான் வால்வைக் கண்டுபிடித்தேன். துரு இறுகியிருந்தது. முதல் தரம் அசையவில்லை. இரண்டாம் தரம் காலைச் சுவரில் ஊன்றி றென்சைத் திருப்பினேன், இளகியது. மூன்றாம் தரம் கையோடு கழன்று வந்தது. மேலே கொண்டுவந்து பார்த்தால் தோல் சொதசொதவென்று சேறு மாதிரி.

புதுத் தோல் எங்கே? கடையில் இல்லை. நாகலிங்கம் அண்ணை வளவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரீச்சர் அம்மா உள்ளே போனா. வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையில் ஒரு சோடிச் சப்பாத்து. கறுப்பு, பொலிஷ் மங்கவில்லை. கணவருடையது என்று அவ சொல்லாமலே விளங்கியது. ஒன்றை மட்டும் தந்தா. மற்றதைத் திரும்ப உள்ளே கொண்டுபோனா. நாகலிங்கம் அண்ணை அந்தச் சப்பாத்தின் நாக்கை வட்டமாக வெட்டி, தேங்காயெண்ணெயில் ஊற வைத்து, வால்வுக்குள் பொருத்தினார்.

கழற்றுவது லேசு, பூட்டுவதுதான் கஷ்டம். இருட்டில் வால்வின் மரை குழாயின் மரையில் பிடிக்க வேண்டும். கோணலாகப் பிடித்தால் மரை அழிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தரம் போய் இரண்டு தரமும் வெறுங்கையாக வந்தேன். நாகலிங்கம் அண்ணை காணும், ஏறு என்றார். இன்னும் ஒருக்கால் என்று போனேன். கீழே மூச்சு முட்டுகிறது. விரல் விறைத்துவிட்டது. என் வாழ்க்கையில் வாய் மூடியிருந்த நேரம் அதுதான். பகிடி விட முடியாது, செபம் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் ஒரே ஒரு சொல் இருந்தது, அனுப்பும் என்று. ஏன் அந்தச் சொல் என்று தெரியாது. அந்த நேரத்தில் மேலேயிருந்து கயிறு மெல்ல ஒரு தரம் இறுகியது. இழுக்கவில்லை. இருக்கிறாயோ என்று கேட்கிற மாதிரி ஒரு சின்ன இறுக்கம். அவசரப்படாமல் வால்வைத் திருப்பினேன். மரை பிடித்தது. அது பிடிக்கும்போது விரலுக்குத் தெரியும், சத்தமில்லாமல் ஒரு இணக்கம்.

ஏறி வந்து கிணற்றுக்கட்டின்மேல் கிடந்தேன். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை பம்பியை அடித்தது. ஐந்தாறு தரம் காற்று. பிறகு ஒரு இருமல். பிறகு தண்ணீர்.  குடங்களை வைக்கிற சத்தம்தான் கேட்டது. ரீச்சர் அம்மா வாளிக் கயிற்றைச் சுருட்டித் தூக்கி வைத்தா. எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. எந்தக் கோப்பை என்று நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் அவ தீட்டுக் கழிக்கக் கிணற்றுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தா என்று பிறகு கேள்விப்பட்டேன். ஐந்து குடும்பமும் குடிக்கிற தண்ணீருக்குள் நான் ஒரு மத்தியானம் முழுக்க ஊறிக் கிடந்தேனே, எவ்வளவு மஞ்சள் போட்டிருப்பா என்று பகிடியாகச் சொல்லிப் பார்த்தேன். நானே சிரிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாளியும் பொய் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே கைதான். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வெளியே வந்ததும் படிவத்தை எடுத்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை. நீட்டினேன், அவ்வளவுதான். நாகலிங்கம் அண்ணை சைக்கிள் சீற்றில் வைத்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வா. வாயை வீட்டிலை வைச்சிட்டு வா."

"வீடு இல்லை அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அப்ப அதையும் கொண்டு வா என்றார்.

படிவத்தைப் பொறுப்புச் சுவாமியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உரப்பையிலிருந்த சாமான்களைத் திரும்பக் கட்டிலடியில் வைத்தேன். அன்றிரவு நன்றி செபம் சொல்லத் தெரியாமல், அந்தோனியாரே, ஒரு நாள் பிந்தினாலும் ஆளை அனுப்பினீர் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அப்பிரண்டிஸ் காலம் முடிந்தும் அவரோடுதான் நிற்கிறேன். எல்லாம் மாறிவிட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. இன்னும் சில வீடுகளில் எந்த இடம் என்று கேட்கிறார்கள். சொன்னதும் முகம் மாறும். முன்பென்றால் நான் தனியாகத் திரும்பி வருவேன். இப்போது நாகலிங்கம் அண்ணை றென்சை எடுத்துக் கரியரில் கட்டுவார். இரண்டு பேராகத் திரும்புவோம். அம்மா இன்னும் மடுவில்தான். விடுதியில் ஒரு மூலையை இன்னும் எனக்கு விட்டிருக்கிறார்கள், அங்கே ஞாயிற்றுக்கிழமை இன்னும் நீளம்தான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கோயிலுக்குத் தவறாமல் போகிறேன், இந்த முறை சனத்துக்காக அல்ல. யாராவது ஒரு பெடியன் தனியாக மூலையில் நின்றால், பக்கத்தில் போய் நின்று ஏதாவது பகிடி அலட்டுவேன். அவர்களுக்கு அது ஆக்கினையாகவும் இருக்கலாம்.

வேலை தேடுகிற, ஒருவரும் இல்லாமல் இருக்கிற தம்பிமார் தங்கச்சிமார் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். நல்ல வசனம் தேடாதீர்கள். நான் எட்டுச் செவ்வாய் நல்ல வசனம் தேடினேன், ஒன்றும் நடக்கவில்லை. தொண்டை அடைத்தபோது வந்ததைத்தான் அவர் கேட்டார். வந்ததைச் சொல்லிக் கேளுங்கள். அனுப்புவார். யாரை, எந்தப் பக்கத்தால் என்று உங்களுக்கும் தெரியாது, வருகிறவருக்கும் தெரியாது.

இன்னொரு வேண்டுதலும் உண்டு. முதலாளி கிடைத்த கதையை யூட்டுக்கு எட்டுப் பக்கத்தில் எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். பிரான்சில் அவனுக்கு என்ன குறை, வாசித்துச் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பெரிய கடதாசி, முழுக்க வெள்ளை, நடுவில் ஒரே ஒரு வரி. அதை வாசித்த நாளிலிருந்து என் செவ்வாய்க்கிழமை அவனுக்குத்தான். உங்களுடையதிலும் ஒன்றை அவனுக்குக் கொடுங்கள். அவன் எழுதினது இது:

"மச்சான், உன்ரை நாகலிங்கண்ணைக்கு இன்னொரு ஆள் வேணுமோ எண்டு கேட்டுச் சொல்லு."